லெவ் யாஷின் ஆட்டத்தைப் புதுசா பாக்க வர்றவங்களுக்கு: எந்த மேட்ச், எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு, எதை நம்பக்கூடாது

வருஷத்தோட சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்குக் குடுக்குற பாலன் டோர் விருதை வாங்கின ஒரே கோல்கீப்பர் சோவியத் நாட்டு லெவ் யாஷின், வருஷம் 1963, இது கால்பந்து பாக்குற எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த மனுஷன் அப்படி என்னதான் ஆடினார்னு கண்ணால பாக்கலாம்னு உக்காந்தா கைக்குக் கிடைக்கிறது மூணு நிமிஷ வீடியோதான், பின்னாடி ஒரு சோக மியூசிக், நாலு டைவ், ஒரு தொப்பி போட்டோ, முடிஞ்சுது. அதைப் பாத்துட்டு "இதுக்கா இவ்வளவு பேரு, இன்னைக்கு இருக்குற கோலிங்க இதைவிட நல்லா தடுக்குறாங்களே"ன்னு கேக்குறவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க மேல தப்பில்ல, தப்பான இடத்துல பாக்குறாங்க அவ்வளவுதான். நானும் எங்க ஆரம்பிக்கிறது எதை நம்புறதுன்னு தெரியாம ரொம்ப காலம் அலைஞ்சுதான் ஒரு வழி பிடிச்சேன், அதை அப்படியே இங்க எழுதி வைக்கிறேன், உங்களுக்கு அந்த அலைச்சல் வேணாம்.

ஆரம்பிக்கும்போதே ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. யாஷினோட வேலையில பெரும்பகுதி ஷாட் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். எங்க நிக்கிறார், எப்போ கோடு விட்டு வெளிய வர்றார், யாரை கை காட்டி நகர்த்துறார், பந்து கைக்கு வந்த அடுத்த செகண்ட் எங்க எறியுறார், இதுலதான் அவர் இருக்கார். இது எதுவும் கோல் தடுத்த காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டின சேவ் கம்பைலேஷன்ல வராது. அதனால முழு மேட்ச், இல்லன்னா குறைஞ்சது ஒரு பாதி, உக்காந்து பாக்குறதுதான் ஒரே வழி.

1. முதல்ல கையில வச்சுக்க வேண்டியது

ஒரு நோட்டு, ஒரு பேனா, முடிஞ்சா கம்ப்யூட்டர். போன்லயும் பாக்கலாம், ஆனா கம்ப்யூட்டர்ல ஒரு வசதி இருக்கு, யூடியூப்ல வீடியோவை நிறுத்திட்டு கீபோர்டுல கமா, முற்றுப்புள்ளி கீயை அழுத்துனா ஒவ்வொரு ஃபிரேமா பின்னாடியும் முன்னாடியும் போகும். கோலியோட காலடியைப் பாக்க இதைவிட நல்ல கருவி கிடையாது.

அடுத்தது வரலாறு இல்ல, ஒரு தேதி சீட்டு. கீழ இருக்கறதை நோட்டோட முதல் பக்கத்துல எழுதிடுங்க, வீடியோவுல தலைப்பு தப்பா போட்டிருந்தா கண்டுபிடிக்க இதுதான் உதவும்:

பிறந்தது 22 அக்டோபர் 1929, மாஸ்கோ. கிளப் ஒண்ணே ஒண்ணுதான், டைனமோ மாஸ்கோ, 1950 முதல் 1970 வரைக்கும், லீக் மேட்ச் 326. ஆரம்பத்துல அலெக்சி கோமிச் முதல் கோலியா இருந்ததால இவர் வெளியதான் உக்காந்திருந்தார், அந்த நேரத்துல ஐஸ் ஹாக்கியில கோலி நின்னு 1953ல சோவியத் கப்பே ஜெயிச்சிருக்கார். லீக் பட்டம் 1954, 1955, 1957, 1959, 1963. தேச அணிக்கு 1954 முதல் 1967 வரை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் தங்கம், நம்ம இந்தியா நாலாவது வந்த அதே ஒலிம்பிக்ஸ், அரையிறுதியில இந்தியாவை 4-1ன்னு அடிச்ச யூகோஸ்லாவியாவைத்தான் ஃபைனல்ல சோவியத் 1-0ன்னு ஜெயிச்சது. 1960 ஐரோப்பிய கோப்பை. உலகக்கோப்பை 1958, 1962, 1966 மூணுலயும் ஆடினார், 1970ல டீமோட போனார், ஆனா களத்துல இறங்கல.

2. தேடுறதுல இருக்குற சிக்கல்

ஆங்கிலத்துல மட்டும் தேடினா பாதிதான் கிடைக்கும். பிரெஞ்சுல அவர் பேரை நடுவுல சி, எச் போட்டு எழுதுவாங்க, ஜெர்மன்ல ஜே எழுத்துல ஆரம்பிக்கும். ரஷ்யன்ல தேட மொழிபெயர்ப்பு ஆப்ல பேரை அடிச்சு, வர்றதை காப்பி பண்ணி தேடல் பெட்டியில போடுங்க, கூடவே வருஷத்தையும் எதிரணி பேரையும் போடுங்க. சோவியத் நியூஸ்ரீல் (அந்தக் காலத்து தியேட்டர் செய்திப் படம்) துண்டுகள், டைனமோ மேட்ச் காட்சிகள் பெரும்பாலும் அந்த வழியாத்தான் மாட்டும், ஏன்னா கிளப் மேட்ச் எல்லாம் ஆங்கிலத்துல ரொம்ப குறைச்சல்.

உலகக்கோப்பை மேட்ச்னா பிஃபாவோட சொந்த ஆன்லைன் காப்பகத்தை முதல்ல பாருங்க, அங்க எந்தப் பழைய மேட்ச் முழுசா இருக்கு எது சுருக்கம்னு மாறிக்கிட்டே இருக்கும், அதனால இருக்கும்போதே பாத்துடுங்க. பிரிட்டிஷ் பாத்தே நியூஸ்ரீல்ஸ் யூடியூப்ல இலவசமா இருக்கு. யார் ஆடினாங்க, எத்தனாவது நிமிஷம் கோல்னு சரிபாக்க ஆர்எஸ்எஸ்எஸ்எஃப் (RSSSF) தளம் போதும், பாக்க பழைய காலத்து பக்கம் மாதிரி வெறும் எழுத்தாதான் இருக்கும், ஆனா விஷயம் கெட்டி.

3. எந்த மேட்ச் முதல்ல

வருஷ வரிசையில போகாதீங்க. 1950கள் ஃபிலிம் எல்லாம் துண்டு துண்டா, வெட்டி ஒட்டினது, புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணும் புரியாது. 1966ல ஆரம்பிங்க, இங்கிலாந்துல நடந்த உலகக்கோப்பை, டிவி ஒளிபரப்பு நல்லா இருக்கும், அப்போ அவருக்கு 36 வயசு, வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், ஆனா புத்தி முழுசா இருக்கும்.

இங்கயே முதல் பொறி. அந்தத் தொடர்ல வட கொரியா, சிலி மேட்ச்ல கோல்ல நின்னது அன்சோர் கவாசாஷ்விலி, யாஷின் இல்ல. சோவியத் டீம்னு பாத்ததும் போட்டு உக்காந்துடாதீங்க. யாஷின் நின்னது இத்தாலி (1-0), கால் இறுதி ஹங்கேரி (2-1), அரையிறுதி மேற்கு ஜெர்மனி (1-2), மூணாம் இடத்துக்கான போர்ச்சுகல் மேட்ச் (1-2).

ஜெர்மனி மேட்ச்சுல இருந்து தொடங்கலாம், 25 ஜூலை 1966, லிவர்பூல் நகரத்துல குடிசன் பார்க். சோவியத் பக்கம் சாபோ அடிபட்டு நொண்டிக்கிட்டு இருப்பார், சிஸ்லென்கோ வெளியேத்தப்படுவார், அப்போ மாத்து ஆள் இறக்குற விதியே உலகக்கோப்பையில கிடையாது, அதனால இரண்டாம் பாதி முழுக்க யாஷின்தான் தாங்கணும். 67வது நிமிஷம் பெக்கன்பவர் பெனால்டி பாக்ஸுக்கு வெளிய இருந்து இடது கால்ல போடுறது உள்ள போயிடும், அதையும் நிறுத்திப் பாருங்க, முன்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு எண்ணுங்க.

அதுக்கப்புறம் இந்த மேட்ச்சுங்க.

23 அக்டோபர் 1963, வெம்ப்லி, இங்கிலாந்து கால்பந்து சங்கத்தோட நூற்றாண்டு மேட்ச், எதிர்ல உலக அணி. யாஷின் முதல் பாதி மட்டும்தான், அவர் போகும்போது 0-0, கடைசியில இங்கிலாந்து 2-1. ஜிம்மி கிரீவ்ஸ் அடிச்சதை எல்லாம் எடுப்பார் பாருங்க, அதுதான் இங்கிலீஷ்காரங்க இன்னைக்கு வரைக்கும் பேசுற பாதி. வழக்கமான சேவ் பாக்கணும்னு ஆசை இருந்தா இது ஒண்ணு போதும். அந்த வருஷம் லீக்ல 27 மேட்ச்ல வெறும் 6 கோல்தான் விட்டார், அந்த ஃபார்ம்ல இருந்தவரைத்தான் இதுல பாக்குறீங்க.

10 ஜூலை 1960, பாரிஸ், ஐரோப்பிய கோப்பை ஃபைனல், யூகோஸ்லாவியா. 2-1, 113வது நிமிஷம் பொனெடெல்னிக் தலையால முட்டின கோல். ஃபிலிம் மங்கலா இருக்கும், பொறுமை வேணும்.

15 ஜூன் 1958, கோத்தன்பர்க், பிரேசில். பெலேவும் கரிஞ்சாவும் உலகக்கோப்பையில முதல் தடவை இறங்கின மேட்ச். முதல் மூணு நிமிஷத்தை தனியா பாருங்க, கரிஞ்சா போஸ்ட்டுல அடிப்பார், பெலே அடிச்சதும் கம்பத்துல படும், உடனே வாவா கோல். அப்படி ஒரு அடி வாங்கின டீம் 77வது நிமிஷம் வரைக்கும் 0-1லயே நின்னுச்சு. தோத்த மேட்ச்தான், ஆனா நான் யாஷினை நம்ப ஆரம்பிச்சது இதுலதான்.

27 மே 1971 விடைபெறும் மேட்ச், மாஸ்கோ லெனின் ஸ்டேடியம், லட்சம் பேர் கூட்டம், எதிர்ல பாபி சார்ல்டன், கெர்ட் முல்லர் எல்லாம். இதைக் கடைசியா பாருங்க. ஆட்டம் கத்துக்க இல்ல, அவர் தனக்குப் பதிலா இறங்குற இளம் கோலி பில்குய் கையில கிளவுஸைக் குடுத்துட்டு வெளிய நடக்கிறதைப் பாக்க.

4. அந்தக் கால விதி தெரியாம பாத்தா தப்பா புரியும்

இதுக்கு பத்து நிமிஷம் ஒதுக்குங்க, நல்ல முதலீடு.

அப்போ சொந்த டீம்காரன் காலால திருப்பித் தள்ளுற பந்தை கோலி கையால எடுக்கலாம், தடை வந்தது 1992ல. அதனால பேக் பாஸ் எடுக்கிறதைப் பாத்து முகம் சுளிக்க வேணாம்.

அப்போ கோலி கையில பந்தோட நாலு காலடிக்கு மேல நடக்கக்கூடாது, நடக்கணும்னா தரையில தட்டணும். பந்தைத் தட்டிக்கிட்டே பாக்ஸ்ல நடக்கிறது அதுக்குத்தான்.

எதிர் ஃபார்வர்டு கோலியை தோளால இடிக்கலாம், ரெஃப்ரி விசில் அடிக்க மாட்டார். பந்து தோல் பந்து, மழையில நனைஞ்சா கனக்கும் வழுக்கும். யாஷின் ஏன் பிடிக்காம இவ்வளவு தடவை குத்தி விடுறார்னு கேக்குறவங்க இந்த ரெண்டையும் சேத்துப் பாருங்க. ரெண்டு பேர் மேல விழுறாங்க, பந்து சோப்பு மாதிரி வழுக்குது, அங்க பிடிக்கப் போனாத்தான் ஆபத்து.

5. பாக்கும்போது கண்ணை எங்க வைக்கணும்

பந்தைப் பாக்காதீங்க. இது ரொம்ப கஷ்டம், முதல் இருபது நிமிஷம் கண்ணு தானா பந்துக்குத்தான் ஓடும், பழகிடும்.

பழைய ஒளிபரப்புல கேமரா ஒண்ணோ ரெண்டோதான், மேல ஸ்டாண்டுல இருந்து பக்கவாட்டுல வரும், பந்து அந்தக் கோடியில இருந்தா யாஷின் ஃபிரேம்லயே இருக்க மாட்டார். ஆனா எதிரணி பந்தைப் பறிச்சு வேகமா வரும்போது கேமரா திரும்பும் பாருங்க, அவர் திரையில நுழையுற முதல் ஃபிரேம், அங்க நிறுத்துங்க. பெனால்டி புள்ளிக்கிட்ட நிக்கிறாரா, பாக்ஸ் விளிம்புலயா, கோட்டுலயான்னு நோட்டுல ஒரு சின்ன படம் போட்டு புள்ளி வைங்க. ஒரு பாதி முடியும்போது அந்தப் புள்ளி எல்லாம் கோட்டை விட்டு எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாத்தா நீங்களே ஆச்சரியப்படுவீங்க. அப்புறம் எதிர்ப்பக்கம் நிக்கிற கோலிக்கும் இதே மாதிரி புள்ளி வைங்க, வித்தியாசம் என்னன்னு யாரும் சொல்லித் தர வேண்டாம். அந்தக் காலத்துல பெரும்பாலான கோலிங்க கோட்டு மேலயே காவல் நின்னாங்க, இவர் முழு பாக்ஸையும் தன் இடமா எடுத்துக்கிட்டார், தேவைப்பட்டா பாக்ஸையும் தாண்டி ஓடி வந்து காலால அடிப்பார், தொப்பியைக் கழட்டிட்டு தலையாலயும் முட்டுவார்.

அடுத்தது வாயும் கையும். சத்தம் உங்களுக்குக் கேக்காது, ஆனா கார்னர், ஃப்ரீ கிக் சமயத்துல கை போறதைப் பாருங்க, ஸ்டாப்பர் பேக்கை, அதாவது நடு டிஃபெண்டரை நகர்த்துறது, விங்கர் பின்னாடி யாரை அனுப்புறதுன்னு ஓயாம நடக்கும். கோலி மேட்ச் முழுக்க டீமை ஓட்டணும்ங்கிற பழக்கத்தை பெரிய அளவுல கொண்டுவந்தவர் இவர்தான்.

மூணாவது எறிதல், எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். அன்னைக்கு எல்லாரும் பந்து கிடைச்சதும் ஓங்கி ஒரு உதை விடுவாங்க, அது எங்க விழும் யாருக்குப் போகும்னு கடவுளுக்குத்தான் தெரியும். இவர் எடுத்த கையோட தலையைத் தூக்கி, கையை நீட்டி சுழட்டி, ஓட ஆரம்பிச்சுட்ட ஆளோட காலுக்கு எறிவார். உயரம் 189 செமீ, கையும் நீளம், பாதி மைதானம் கிட்ட போகும். கைக்குப் பந்து வந்ததுல இருந்து கையை விட்டுப் போற வரைக்கும் எத்தனை செகண்ட்னு எண்ணிப் பாருங்க, எறிஞ்சதும் கண்ணை அவர் மேல இருந்து எடுத்து அந்தத் தாக்குதல் எங்க போய் முடியுதுன்னு பாருங்க.

டைவ் எல்லாம் கடைசி. அது தானா கண்ணுல படும்.

6. நம்பக்கூடாதது

"150 பெனால்டி தடுத்தார்." எல்லா இடத்துலயும் இருக்கும், ஒரு இடத்துலயும் பட்டியல் இருக்காது. லீக் 326, தேச அணி எழுபதுக்கு மேல, சேத்தா நானூறு சொச்சம் மேட்ச், கப்பும் நட்பு மேட்ச்சும் எவ்வளவு சேத்தாலும் 150 பெனால்டி தடுத்திருக்கணும்னா எத்தனை பெனால்டி சந்திச்சிருக்கணும்னு நீங்களே கணக்கு போடுங்க. பேரோட தேதியோட சொல்ல முடிஞ்சதை மட்டும் எழுதுங்க, உதாரணத்துக்கு 1958 உலகக்கோப்பையில ஆஸ்திரியாவோட புசெக் அடிச்சது, நவம்பர் 1963ல ரோம்ல இத்தாலியோட மசோலா அடிச்சது. இந்த ரெண்டே ஒரு பெரிய கோலிக்குப் போதுமான பெருமை.

தேச அணி மேட்ச் எண்ணிக்கையும் ஒரு இடத்துல 74, இன்னொரு இடத்துல 78னு இருக்கும். எங்க பாத்தீங்கன்னு பக்கத்துல எழுதிட்டு மேல போங்க, சண்டை போட்டு நேரம் வீணாக்காதீங்க.

ஃபிலிமும் பொய் சொல்லும், இதை யாரும் எச்சரிக்க மாட்டாங்க. 1964 ஐரோப்பிய கோப்பை ஃபைனல், மாட்ரிட், ஸ்பெயின் 2-1ன்னு ஜெயிச்சது. 84வது நிமிஷம் மார்செலினோ தலையால முட்டின கோலுக்கு கிராஸ் போட்டது பெரேடா. ஆனா ஸ்பெயின் அரசு நியூஸ்ரீல்ல அந்த கிராஸ் காட்சி இல்லாததால வேற இடத்துல அமான்சியோ கிராஸ் போடுற துண்டை ஒட்டிட்டாங்க, பல வருஷம் அந்த நாட்டுக்காரங்களே அமான்சியோதான்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. அந்தத் துண்டை வச்சு "யாஷின் ஏன் அங்க நின்னார்"னு அலசினா முழுசும் தப்பாத்தான் போகும். காட்சி வெட்டுப்படுற இடத்துல எல்லாம் ஒரு சந்தேகம் வைங்க.

அப்புறம் 1962 சிலி. கொலம்பியாகூட சோவியத் 4-1ன்னு முன்னாடி இருந்து 4-4 ஆன மேட்ச், கொலம்பியாவோட மார்கோஸ் கோல் (அது அவர் பேரு) கார்னர்ல இருந்தே நேரா பந்தை உள்ள போட்டார், ஆண்கள் உலகக்கோப்பையில அப்படி விழுந்த ஒரே கோல் அது. கால் இறுதியில சிலிகிட்ட 1-2, ரெண்டும் தூரத்துல இருந்து வந்தது. "யாஷின் கதை முடிஞ்சது"ன்னு எழுதினாங்க. சோவியத் மக்கள் அந்த மேட்ச்சை டிவியில பாக்கவே இல்ல, செய்தியில வந்ததை வச்சுத்தான் அவர் மேல அவ்வளவு கோபப்பட்டாங்க. நீங்க அந்தக் கட்டுரைகளைப் படிக்கிறதுக்கு முன்னாடி கார்னர் கோலை மட்டும் மெதுவா ஓட்டிப் பாருங்க. கிட்ட போஸ்ட்டுல ஒரு டிஃபெண்டர் நிக்கிறார், பந்து அவரைத் தாண்டித்தான் உள்ள போகுது, அவர் காலை நீட்டவே இல்ல. மொத்தப் பழியும் கோலி தலையில விழுந்தது நியாயமே இல்லைன்னு நான் இன்னைக்கும் சொல்வேன். அடுத்த வருஷமே பாலன் டோர் வாங்கினாரே.

கறுப்பு ஜெர்சி போட்ட எல்லாரும் யாஷின் இல்ல, தொப்பியும் எல்லா மேட்ச்லயும் இருக்காது, கம்பைலேஷன்ல வேற கோலிங்களும் கலந்து வர்றாங்க. மேட்ச் பேரும் தேதியும் போடாத வீடியோவை விட்டுடுங்க.

7. செலவும் நேரமும்

காசு கிட்டத்தட்ட சைபர். டேட்டாதான் செலவு, பழைய ஃபிலிம்ல எச்டி வச்சாலும் புள்ளி பெருசா தெரியுமே தவிர தெளிவு வராது, 480பி போதும், மணிக்கு சுமார் அரை ஜிபி ஆகும், 360பின்னா இன்னும் குறையும். கலர் பூசின, வேகத்தை மாத்தின பதிப்புக்கு யாராச்சும் காசு கேட்டா குடுக்காதீங்க, கலர் பூசும்போது பந்தே சில ஃபிரேம்ல காணாம போயிடுது. பழைய மேட்ச் டிவிடின்னு விக்கிறவங்ககிட்ட வாங்குறதா இருந்தா மேட்ச் எத்தனை நிமிஷம்னு முதல்ல கேளுங்க, முழு மேட்ச்னு சொல்லி சுருக்கத்தைத் தர்றது சகஜம்.

நேரம்னு பாத்தா ஒரு பாதி பாக்க 45 நிமிஷம், நிறுத்தி நிறுத்தி குறிப்பு எடுத்தா ஒண்ணரை மணி நேரம் ஆகும். வாரக் கடைசியில ஒரு பாதின்னு வச்சுக்கிட்டா மூணு மாசத்துல மேல சொன்ன எல்லாம் நிதானமா முடியும். ஒரே நாள்ல ரெண்டு மேட்ச் பாக்காதீங்க, ரெண்டாவதுல கண்ணு மறுபடி பந்து பின்னாடி ஓடிடும்.

8. நீங்களே கோலியா ஆடுறவங்கன்னா

இடம் புடிக்கிறது, கத்தி ஆளை நகர்த்துறது, உடனே எறியுறது, இந்த மூணையும் அப்படியே எடுத்துக்கலாம், எறியுறதுக்கு மட்டும் தனியா தினம் பதினஞ்சு நிமிஷம் குடுங்க, தோள் சூடு ஆகாம நேரா தூரத்துக்கு எறியாதீங்க, தசை பிடிச்சுக்கும். குத்தி விடுறதை மட்டும் யோசிச்சு எடுங்க, இன்னைக்குப் பந்து மழையில நனைஞ்சு அப்படி கனக்காது, கிளவுஸ் பிடிப்பு ஜாஸ்தி, கோலியை இடிச்சா ஃபவுல், பிடிக்க முடிஞ்சதைப் பிடிச்சுடணும். பேக் பாஸ் விஷயத்துல அவர்கிட்ட கத்துக்க ஒண்ணுமில்ல, அதுக்கு இன்னைக்கு ஆளுங்களைப் பாருங்க.

யாஷினை முடிச்சதும் அடுத்து ஹங்கேரியோட யூலா கிரோஷிச், 25 நவம்பர் 1953, வெம்ப்லி, 6-3. அதே நோட்டு, அதே புள்ளி. கோட்டை விட்டு வெளிய வர்றதுல யாஷினுக்குச் சமமா நிக்கிற ஆளு அவர், ரெண்டு பேர் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.